கஸ்பார் வண்டியின் ஆறு ஓட்டைகள்

"இந்த வண்டிக்கு நான் என்ன குறை வச்சேன், நீயே சொல்லு."

கஸ்பார் இப்படிக் கேட்டது ஜெசிந்தாவிடம். தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டிப் போகும் ரோட்டில் அவளுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது.

கஸ்பாருக்கு வயது ஐம்பத்தெட்டு. பதினாறு வருஷமாக ஒரே பிக்கப் வண்டி. விடியும்போது கரையில் மீன் கூடைகளை ஏற்றுவார். கூடைகளோடு மீன் விற்கும் ஏழு பெண்களும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். டவுன் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவார். அந்த வண்டி நின்றுவிட்டால் எட்டு வீட்டில் உலை கொதிக்காது.

ஜெசிந்தாவுக்கு முப்பத்துமூன்று. இரும்புப் படகுகளுக்கு அடித்தகடு மாற்றிப் பழகிய கை. துரு எங்கே ஒளிந்தாலும் அவளிடம் தப்பாது என்று ஊரில் பேச்சு. சும்மா புகழ்ந்து வைத்ததல்ல, நீங்களே பாருங்கள்.

"வருஷா வருஷம் அடியில கறுப்புப் பெயிண்ட் அடிக்கேன். ஒண்ணு ரெண்டு இல்ல, மூணு கோட்டிங். எம்புள்ளைக்குக்கூட இப்படிப் பவுடர் பூசுனதில்ல. அப்பவும் துரு திங்குது. அதுக்கு ஒரு மருந்து சொல்லு. இல்லன்னா நாலாவது கோட்டிங் நீ அடிச்சுக் குடு. ஒம்பது நாள்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்குக் காட்டணும்."

ஜெசிந்தா ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அடியில படுங்கண்ணே."

படுத்தார்.

"வண்டியைத் தாங்குற இரும்புச் சட்டத்தைத் தட்டுங்க."

ணங்.

"இன்னும் பின்னால."

ணங். ணங்.

"இன்னும்."

பொத்.

சுத்தியல் வழுக்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு தரம் தட்டினார்.

பொத்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அதுக்கு நேர் மேலதானே ஏழு பேரும் உக்காருவாங்க?"

கஸ்பார் மூன்றாம் தரமும் தட்டிப் பார்த்தார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பெயிண்ட் அடிச்சுட்டா எஃப்.சி.யில தெரியுமா?"

பாவம், கையில் காசும் நாளும் இல்லாத மனுஷன் வேறு எப்படிக் கேட்பான்?

"தெரியாது" என்றாள் ஜெசிந்தா.

உள்ளே போனாள். கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"நான் போய் டீ குடிச்சுட்டு வாரேன்."

சொன்னபடியே போய்விட்டாள். வைது விட்டிருந்தால்கூட அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வலது கைப்பக்கம் பிரஷ், இடது கைப்பக்கம் சுத்தியல், மூக்குக்கு மேலே அந்த 'பொத்'. அந்த இடத்துக்கு மேலே வழக்கமாக அந்த ஏழு பேரில் மரியபுஷ்பம் உட்காருவாள்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது பெயிண்ட் டப்பா மூடி திறக்காமல் ரோட்டோரம் கிடந்தது. எட்டிய மட்டும் தள்ளிவிட்டிருந்தார்.

"இப்பப் பாப்போம்" என்று அவளும் அடியில் நுழைந்தாள்.

விளக்குகூடக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோலச் சட்டத்தின் நெடுகக் கையை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதை யார் அடைச்சது?"

"நான்தான்" என்றார் கஸ்பார். அந்த நேரத்திலும் குரலில் பெருமைக்குக் குறைவில்லை. "மாதா கோயில் தெருவெல்லாம் மீன் தண்ணி சொட்டுதுன்னு மரியபுஷ்பம் ஏசுனா. பூசைக்கு வார சனம் மூக்கைப் பொத்துதாம். தேடிப் பாத்தேன், சட்டத்துக்கு அடியில ஆறு ஓட்டை. ஆறையும் எம்சீல் பசை வச்சு அடைச்சேன். அன்னையிலருந்து ஒரு சொட்டு விழல."

"எத்தனை வருஷமாச்சு?"

"அஞ்சு."

ஜெசிந்தா ஒரு ஸ்க்ரூடிரைவரை அந்த அடைப்பின் மேல் வைத்தாள்.

"வாயை மூடிக்கோங்கண்ணே."

அவர் ஏன் என்று கேட்க வாயைத் திறந்தார். அவள் ஒரே தட்டுத்தான் தட்டினாள்.

சாயத் தண்ணீர்போலச் செக்கச்செவேலென்று ஒரு சகதி கொட்டியது. முகம், மீசை, வாய் எல்லாம். கஸ்பார் புரண்டு வெளியே வந்து துப்பினார். நாக்கால் உதட்டைத் தடவினார். மறுபடி துப்பினார்.

"உப்பு" என்றார்.

"ம்" என்றாள் ஜெசிந்தா. "அஞ்சு வருஷமா வெளிய போக வழியில்லாம உள்ளேயே நின்ன மீன் தண்ணி."

அதற்குப் பிறகு ஏழு நாள் அவர் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. பின்பெட்டியைக் கழற்றி இறக்கினார்கள். அவள் அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வைத்தாள். பெண்கள் ஏழு பேரும் அந்த ஒரு வாரம் பஸ்ஸில் கூடையை ஏற்றக் கண்டக்டரோடு மல்லுக்கட்டினார்கள். கஸ்பார் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவள் வைத்த வெல்டிங் தையல் போட்டதுபோல வரிசையாக ஓடியதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அலுக்கவில்லை. என்ன கைம்மா இது, என்று ஒரு தரம் வாய்விட்டே சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை.

புதுச் சட்டத்தில் முதல் வேலையாக அவள் ஓட்டை போட்டாள். அடைப்பெடுத்த பழசோடு சேர்த்துச் சரியாக ஆறு.

வண்டியை எடுக்கும்போது வளைத்த கம்பித் துண்டு ஒன்றைக் கொடுத்தாள்.

"இது எதுக்கு? காது குடையவா?"

"குடையத்தான். உங்க காதை இல்ல."

எஃப்.சி. ஆனது. மறுநாள் கஸ்பார் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லோடு எடுத்தார். மாதா கோயில் தெருவை விட்டுவிட்டு உப்பளத்து ரோட்டில் சுற்றிக்கொண்டு போனார். மார்க்கெட்டில் வண்டி நின்றது. மரியபுஷ்பம்தான் முதலில் இறங்கினாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

"அண்ணே, வண்டி பழையபடி ஒழுகுதே. ஏழு நாளா அந்த ஜெசிந்தா என்னத்தக் கிழிச்சா?"

"எத்தனை இடத்துல ஒழுகுது?"

"என்னது?"

"எண்ணிச் சொல்லு, தாயி."

இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று முனகிக்கொண்டே அவள் கூடையை இறக்கிவைத்துக் குனிந்தாள். விரலை நீட்டி எண்ணினாள்.

"அஞ்சு."

"நல்லாப் பாரு."

"அஞ்சுதாண்ணே."

அவள் நிமிர்ந்தபோது வெள்ளைச் சட்டையோடு கஸ்பார் அந்த ஈர ரோட்டில் படுத்து, கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் பாதி நுழைந்திருந்தார்.