நிரந்தர மாட்யூல்

தேர்வு முடிவுகள் அலுவலகத்து சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் மாட்யூல் என்ற தனி மென்பொருள் துண்டு ஒன்று இருந்தது. தேவைப்பட்டால் ஏற்றுவார்கள், வேண்டாமென்றால் இறக்குவார்கள். இப்படி வருவதும் போவதுமாக இருப்பது ஒழுங்கல்ல என்று இயக்குநர் ஏகாம்பரநாதன் முடிவு செய்தார். எல்லாவற்றையும் சர்வருக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டும்படி உத்தரவு போட்டார்.

முடிவு வெளியான அன்று, பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் மாட்யூல் பழுதானது. மாணவர்கள் மதிப்பெண்ணுக்குப் பதில் கிறுக்கலைப் பார்த்தார்கள்.

"சர்வர் நிக்கக் கூடாது. அதை மட்டும் எடும்மா. முடியலைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் இயக்குநர், ஒப்பந்த ஊழியர் மரகதவல்லியிடம். துறைச் செயலாளர் பக்கத்தில் இருந்ததால் குரல் கொஞ்சம் கூடுதலாகவே ஒலித்தது.

"எடுத்துடலாம் சார். ரெக்கார்டு செக்‌ஷன்ல ரெண்டு வருஷமா வேலையே செய்யாம ஒருத்தர் இருக்காரே, அவரை நீங்க எடுக்கிற மாதிரியே எடுத்துடறேன்."

"அவர் நிரந்தர ஊழியர்மா! விசாரணை, கமிட்டி, கோர்ட்டுன்னு ஆபீஸே நின்னுடும்."

"இதுவும் நிரந்தரம்தான் சார். என்னை மாதிரி ஒப்பந்தத்துல இருந்திருந்தா ஒரே வரியில அனுப்பியிருக்கலாம்."

செயலாளர் நிமிர்ந்தார். "இதை நிரந்தரம் ஆக்கினது யாரு?"

மரகதவல்லி உத்தரவின் நகலை நீட்டினாள்.

சர்வரை அரை மணி நேரம் நிறுத்தி, மாட்யூல்களைத் தனித்தனியே பிரித்தார்கள். மரகதவல்லியின் வேலை தப்பியது. இயக்குநருக்கு மறுநாளே இடமாற்றம் வந்தது. அதற்காக அலுவலகம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.