பிசைந்த பிள்ளையார்

“அம்மையே, பூவிழி கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்வேன்?”

அம்பலவாணர் மூச்சிரைக்க வந்து நின்றார். மடத்தின் தலைவி மங்கையர்க்கரசி அம்மை வயதில் அவருக்கு இளையவர். ஆயினும் அவருக்குக் குரு.

“கண்ணுக்கு என்ன?”

“கண்ணுக்கு ஒன்றுமில்லை. எல்லாம் என் வாயால் வந்த வினை.”

நடந்ததைக் கொட்டித் தீர்த்தார்.

தாய்மார் பதிகம் ஓதும் வேளையில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பணி. பிள்ளைகள் உருட்டி விளையாட இன்று மாவு பிசைந்தார். மைதா, உப்பு, நல்லெண்ணெய், வெந்நீர்; நிறத்துக்கு மஞ்சள். கையில் ஒட்டாத பதம் வந்தது. பழக்க தோஷம், முதல் உருண்டையைப் பிள்ளையாராகப் பிடித்து, அறுகம்புல் செருகிக் கைகூப்பிவிட்டார். மீதியைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

நான்கு வயதுப் பூவிழி, பிள்ளையாரையும் எடுத்துப் பிசையத் தொடங்கினாள்.

“நீர் என்ன சொன்னீர்?”

“சாமி கண்ணைக் குத்தும் என்று கத்திவிட்டேன்.”

அம்மை எழுந்து அவருடன் நடந்தார்.

அறையின் மூலையில் பூவிழி இரு கைகளாலும் கண்களைப் பொத்தி அமர்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் மாவைத் தொடாமல் சுவரோரம் ஒண்டியிருந்தார்கள்.

“ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொன்னீரா?”

“சொன்னேன். ‘நீ பொய் சொல்ற தாத்தா, உனக்கே பயமா இருக்கு’ என்கிறாள்.”

“உம்மை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.”

“விளையாட்டில்லை அம்மையே. இப்போது அவள் தாய் வந்துவிடுவாள். அவள் ஏசினால் அதையும் பொறுப்பேன். ஆனால் மெய்யாகவே அபசாரமாகி, குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால்?”

அம்மை மஞ்சள் உருண்டையை எடுத்தார். பாதி குலைந்திருந்தது, தும்பிக்கை மட்டும் மிச்சம். அதை அம்பலவாணரின் உள்ளங்கையில் வைத்தார்.

“பிசையும்.”

“நானா! வாழ்நாளெல்லாம் இவரைக் கும்பிட்ட கை இது.”

“பிசையும்.”

“தாங்களே அதை…”

“அவளைப் பிடித்திருப்பது என் பயமா?”

அம்பலவாணர் குழந்தையைப் பார்த்தார். பொத்திய கைகளுக்குக் கீழே உதடு துடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் தாய்மார் பதிகத்தை முடித்து மங்களம் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

“பிழை பொறுத்தருள வேண்டும்” என்று முணுமுணுத்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார். விரல்களை மாவுக்குள் அழுத்தினார். தும்பிக்கையின் மேடு கட்டைவிரலடியில் அமிழ்ந்தது. மறுபடி அழுத்தினார். மூடிய கண்களைத் திறக்கத் துணிவில்லை.

சிறு காலடிகள் அருகில் வந்தன.

மாவு படிந்த விரல்கள் அவர் இமையைத் தொட்டன.

“கண்ணத் தொற தாத்தா. ஒண்ணும் ஆகல.”