மாமி சொன்ன மூணு விசில்

இருட்டி விளக்குப் போட்ட பிறகு, அந்த வீட்டின் பின்பக்கத்திலிருந்து "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. பாம்பு என்றால் இத்தனை நேரம் மூச்சைப் பிடித்துச் சீறாது. பேய் என்றால் அரிசி வாசத்தோடு வராது. ஆனால் இதையெல்லாம் யோசித்துப் பார்க்கிற ஆள் அந்த வீட்டில் கிடையாது. ஜெசிந்தா கைப்பிள்ளையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். அங்கே அவள் புருஷன் மிக்கேல் ஏற்கெனவே இருந்தான். கொழுந்தன்மார் லூர்துவும் சவரியும் இடம் கேட்டு வெளியே முட்டிபோட்டு நின்றார்கள்.

"கதவைத் தாழ் போடுங்கலே" என்றான் மிக்கேல், உள்ளேயிருந்தபடி.

"துருப்பிடிச்ச தாழ்ப்பாளை எப்படிண்ணே போட? நாம குடிவந்த நாள்லேர்ந்து அது அசைஞ்சதே இல்லியே" என்றான் லூர்து.

சவரிதான் கடைசியில் மெதுவாகச் சொன்னான். "மைனி, அது நம்ம குக்கர்லா."

குக்கர் கல்யாணத்துக்கு வந்த பரிசு. அன்றுமுதல் ஷோகேஸில், பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் குழந்தை ஏசு சுரூபத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பரோட்டாக் கடை இருந்தது. ஜெசிந்தாவும் கான்வென்ட்டில் சமையல் படித்தவள்தான். ஸ்பாஞ்சு கேக் செய்முறையை மனப்பாடமாக ஒப்பிப்பாள். அடுப்பைப் பற்றவைப்பது பாடத்தில் வரவில்லை. சிஸ்டர்மார் அவளுக்கு ஒன்றே ஒன்றை நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பெரியவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

இப்போது பிள்ளை ஷெரினுக்குச் சோறூட்டுகிற வயசு வந்துவிட்டது. மிக்கேலின் தாய், அதாவது ஜெசிந்தாவின் மாமி ரொசாரி, ஊரிலிருந்து போன் போட்டாள்.

"பிள்ளைக்கு என்னத்தட்டி குடுக்கப் போறே? பரோட்டாவும் சால்னாவுமா? ஞாயித்துக்கிழமை வாரேன். பருப்பும் சோறும் வாயில வைக்கிற மாதிரி இருந்தா சரி. இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவேன். நீ சமைக்கப் படிச்சதுக்கப்புறம் வந்து கூட்டிட்டுப் போ."

அதற்குப் பிறகு ஜெசிந்தாவுக்குத் தூக்கமே வரவில்லை. பிள்ளை தும்மினால்கூட மாமி வந்துவிட்டாளோ என்று எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி போன் போட்டு, மாமி சொன்ன வழிமுறைகளை நாலு பேரும் ஸ்பீக்கரில் கேட்டு, ஜெபம் மாதிரிச் சேர்ந்து சொல்லிப் பார்த்தார்கள். அதில் முதலாவது: சோறு வச்சா மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கணும்.

அதனால்தான் சனிக்கிழமை ராத்திரி இந்த ஒத்திகை.

நாலு பேரும் கட்டிலை விட்டு வந்து குக்கர் முன்னால் கைகட்டி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மினிபஸ் கண்டக்டர் விசில் ஊதினார். பின்னாலேயே இன்னொன்று.

"குக்கர் ஒண்ணு, இது ரெண்டு. மூணு ஆச்சு" என்றான் லூர்து.

"அது கண்டக்டர் விசில்லா" என்றான் மிக்கேல்.

"எந்த விசில்னு அம்மா சொல்லலியே."

"இருந்தாலும் குக்கர் விசிலும் கண்டக்டர் விசிலும் ஒண்ணாகுமா?"

சவரி தாடையைத் தடவினான். "அண்ணே, அவரு ரெண்டு விசில் குடுத்தா அத்தாம் பெரிய பஸ்ஸே கிளம்புது. பஸ்ஸு மதிக்கிற விசிலை நாம மதிக்கலேன்னா எப்படி?"

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள். தட்டில் போட்டபோது சோறு கலகலவென்று சத்தம் போட்டது. நாலு பேரும் வெகுநேரம் மென்றார்கள்.

"பல்லுக்கு நல்லது" என்றான் மிக்கேல்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் சாம்பார் வேலை தொடங்கியது. மாமி சொன்னது: ஒரு கை பருப்பு போடு.

லூர்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். துடுப்பு மாதிரியிருந்த கையைப் பருப்பு டப்பாவுக்குள் விட்டான். ஜெசிந்தா பதறித் தடுத்தாள். "மாமி அவங்க கையைத்தானே சொல்லியிருப்பாங்க. உங்க கையைச் சொல்லலியே."

"அம்மா கைக்கு இப்ப எங்க போக?"

ஜெசிந்தாவுக்கு யோசனை வந்தது. கல்யாணத்தன்று மாமி தன் வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். அது ஜெசிந்தாவுக்கு ஏறாமல் பீரோவில் கிடந்தது. "இந்த வளையல் யாரு கைக்கு ஏறுதோ, அந்தக் கைதான் மாமி கை அளவு" என்றாள். மூன்று ஆண்களும் முயற்சி செய்தார்கள். லூர்துவின் கையில் அது நாலு விரலோடு நின்று, பிறகு சோப்புப் போட்டுத்தான் வெளியே வந்தது.

ஷெரின் கைக்கு மட்டும் சுளுவாக ஏறியது.

ஆகவே ஷெரினைத் தூக்கி, அவள் கையை டப்பாவுக்குள் விட்டார்கள். பிள்ளை பயந்து கத்தி விரலை விரித்தது. உள்ளங்கை வேர்வையில் ஒட்டியிருந்த பருப்பைப் பானையில் தட்டிவிட்டு, "சரியான அளவு" என்றார்கள். பானை நிறையத் தண்ணீர். அதில் பருப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக நீந்தியது.

அடுத்தது: வெங்காயம் பொன்னிறமாக வதங்கணும்.

மிக்கேல் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி வாணலிக்கு மேலே பிடித்தான். லூர்து கழுத்துச் சங்கிலியை நீட்டினான்.

"உன்னது கவரிங்லே. அதைப் பார்த்து வதக்கினா வெங்காயம் ரெண்டு மாசத்துல வெளுத்துரும்."

"உன் மோதிரத்துல அழுக்கு ஏறியிருக்குண்ணே. கழுவிட்டுக் காட்டு."

மோதிரத்தைக் கழுவி வருவதற்குள் வெங்காயம் பொன்னைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. ஈரக்கையோடு மிக்கேல் மறுபடி நீட்ட, ஆவி சுட, மோதிரம் வாணலிக்குள் விழுந்தது.

"எடுக்காதண்ணே, சுடும்" என்றான் சவரி. "எல்லாத்தையும் சாம்பார்ல கொட்டிருவோம். ஆறின பிறகு எடுத்துக்கலாம்."

கொட்டினார்கள். அதே நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மோதிரம் எல்லோருக்கும் மறந்துபோனது.

மாமி செருப்பைக் கழற்றியதும் நேரே சாப்பிட உட்கார்ந்தாள். ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பரிமாறினாள். மாமி ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். நிறுத்தினாள். வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"சாம்பார்ல பருப்பைத் தேடினேன். மோதிரம் கிடைக்குது" என்றாள்.

"பொன்னிறத்துக்குப் போட்டதும்மா" என்றான் மிக்கேல்.

மாமி மோதிரத்தை மகன் பக்கம் தள்ளினாள். பிறகு மருமகளிடம் திரும்பினாள். "தாளிக்கவாவது செஞ்சியா?"

"நீங்க வந்துட்டீங்க மாமி. அதுக்கு நேரமில்ல."

"எத்தனை தடவை சொன்னேன். எண்ணெயை எதுலயும் சும்மா ஊத்தக் கூடாது. கடுகு வெடிக்கணும், கறிவேப்பிலை பொரியணும், அப்புறந்தான் ஊத்தணும். ஒரு தாளிப்பு வாசம் இந்த வீட்டுல வந்திருந்தாக்கூட பிள்ளையை விட்டுட்டுப் போயிருப்பேன்." எழுந்து கை கழுவினாள். "பிள்ளை துணியை எடுத்து வை. ஆட்டோ கூப்பிட்டுட்டு வாரேன்."

ஜெசிந்தா பிள்ளை துணியை மடிக்க ஆரம்பித்தாள். எதிர்த்துப் பேசுவதும் பாடத்தில் வரவில்லை.

மாமி வாசலில் நின்று கதவை ஆட்டிப் பார்த்தாள். "பிள்ளை இருக்கிற வீட்டுல தாழ்ப்பாள் இந்த லட்சணத்துல இருக்கு. அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊத்தித் தாழ் போடுங்க. தெருவெல்லாம் ஊர் பேர் தெரியாத ஆளுக. யாரு தட்டினாலும் திறக்காதீங்க."

மாமி போனதும் சவரி எண்ணெய்ப் புட்டியை எடுத்தான். ஜெசிந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா ஊத்தக் கூடாது."

கரண்டியில் எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. கறிவேப்பிலை படபடவென்று பொரிந்தது. வீட்டில் முதல்முறையாக, வாய் ஊறுகிற மாதிரி ஒரு வாசம் எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. லூர்து கதவைச் சாத்திப் பிடிக்க, ஜெசிந்தா கரண்டியைத் தாழ்ப்பாள் மேல் கவிழ்த்தாள். "சொய்ங்" என்றது.

வெளியே தட்டும் சத்தம். "ஏட்டி ஜெசி, ஆட்டோ வந்துட்டு. கதவைத் திற." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நல்லா இருக்கே வாசம். இந்தப் பக்குவத்துல நானே தாளிச்சதில்ல. சரி, பிள்ளை இங்கேயே இருக்கட்டும். திற, என் பையை எடுத்துக்கிட்டுப் போயிருதேன்."

"யாரு தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னு எங்க மாமி சொல்லியிருக்காங்க" என்றாள் ஜெசிந்தா.

"நான்தாம்ட்டி உங்க மாமி."

உள்ளே நாலு பேரும் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள். "யாருன்னா எல்லாரும்தான்" என்றான் சவரி. "அம்மாவைத் தவிரன்னு அம்மா சொல்லலியே."

"அப்படின்னா திறக்க முடியாது மாமி" என்றாள் ஜெசிந்தா, மிகவும் மரியாதையாக.

"சரி, அதை விடு. என்னத்தட்டி தாளிச்சே?"

"தாழ்ப்பாளை, மாமி" என்றாள் அவள். ஒட்டியிருந்த கறிவேப்பிலையை விரலால் ஒதுக்கிவிட்டுத் தாழைத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போய் "டக்"கென்று உள்ளே விழுந்தது.