தேக்கிலை மூடிய கால்தடம்

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் இருளாயி என்றொரு கரடி இருந்தாள். விடிந்ததும் மற்றக் கரடிகள் கறையான் புற்றைத் தேடிப் போகும். இருளாயி மட்டும் நேராக ஆற்று மணலுக்குப் போவாள். மூக்கு மணலில் உரசுகிற அளவுக்குக் குனிந்து, அண்ணனின் கால்தடம் கிடக்கிறதா என்று பார்ப்பாள். கரடிகளுக்குப் பார்வை கொஞ்சம் மட்டுதான்.

போன கோடையில் காடு பற்றி எரிந்தபோது அண்ணன் ஒச்சான் அக்கரைக்கு ஓடிவிட்டான். புகையில் வழி தெரியாமல் இவள் இக்கரையிலேயே நின்றுவிட்டாள். "மழை விழுந்ததும் இந்த மணலுக்கே வந்துடறேன். என் தடம் கிடக்கும், பார்த்துக்க" என்று அவன் கத்தியது இன்னும் அவள் காதில் இருந்தது. சின்ன வயதில் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் இருவரும் ஈர மணலில் பக்கத்துப் பக்கத்தில் காலைப் பதித்து, யார் கால் பெரிசு என்று சண்டை போடுவார்கள். இப்போது அவள் தடம் மட்டும் தனியாகக் கிடந்தது.

முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, மணலில் ஒரு தடம் வரிசையாகப் பதிந்து கிடந்தது. அழுத்தமான குதிகால், நீண்ட பாதம், ஐந்து விரல்.

"அண்ணன் வந்துட்டான்!" என்று குதித்தாள் இருளாயி.

தண்ணீரில் மீன் தின்றுகொண்டிருந்த சடையன் என்ற நீர்நாய் கரையேறி வந்து பார்த்தது. சடையனுக்கு வாய்த்துடுக்கு அதிகம், ஆனால் பொய் வராது. இது மனுஷன் கால் என்று அது பட்டென்று சொல்லிவிட்டது. கரடி என்றால் விரலுக்கு முன்னால் நகக்கீறல் எங்கே? அண்ணன் அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் நகம் தேய்ந்திருக்கும் என்றாள் இருளாயி. கரடிப் பாதம் முழுசாகப் பதியுமே, இது ஏன் நடுவில் குழிந்து, உட்பக்கம் மணலில் படாமல் இருக்கிறது? பட்டினி கிடந்து பாதம் ஒட்டிப்போயிருக்கும் என்றாள். கரடிக்கு ஐந்து விரலும் ஏறக்குறைய ஒரே அளவாயிற்றே, இங்கே ஒரு பெருவிரல் துருத்திக்கொண்டு நிற்கிறதே? அதற்கும், வீங்கியிருக்கும் பாவம் என்று பதில் வைத்திருந்தாள்.

"சரி, மோந்து பாரு. உப்பு வாடை அடிக்குதா? மனுஷனுக்கு உள்ளங்கால் அப்படி வேர்க்கும்" என்றது சடையன்.

"ஏன், நடந்து வந்தா என் அண்ணனுக்கு வேர்க்காதா?"

சடையன் விடவில்லை. இடது தடம் வலதைவிட ஒரு நூல் பெரிசாக இருப்பதைக் காட்டியது. மனுஷர்களில் நிறையப் பேருக்கு இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காதாம். அதைக் கேட்டதும் இருளாயிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒச்சானுக்கும் இடது கால்தான் பெரிசு!

"உனக்கு ஆசை கண்ணை மறைக்குது. அதோ, அங்க இன்னொரு தடம் இருக்கு. அதையாவது வந்து பாரேன்" என்றது சடையன்.

அது தண்ணீரிலிருந்து ஏறி மூங்கில் புதருக்குள் போன தடம். ஒரு கால் ஆழமாக ஊன்றியிருந்தது. மற்றொரு காலில் விரல் நுனி மட்டும் மணலைத் தொட்டிருந்தது. இருளாயி தூரத்திலிருந்தே உதட்டைப் பிதுக்கினாள். எவனோ நொண்டிக் கரடி, என் அண்ணன் நடந்தால் கரையே அதிரும் என்றாள். பிறகு ஒரு தேக்கிலையைப் பறித்து வந்து, மழையில் கரையாதபடி தான் முதலில் கண்ட தடத்தின்மேல் பதமாக மூடினாள். அந்தக் கால் போன வழியே ஓடினாள். ஓடிய அவசரத்தில் நொண்டித் தடத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு போனாள்.

மூன்று நாள் நடந்தாள். பசித்தது, நிற்கவில்லை. அண்ணனைப் பார்த்ததும் முதலில் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்பதே அவளுக்கு யோசனையாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு சுனையருகே தடம் முடிந்தது. பாறைமேல் தேன் எடுக்க வந்த ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். புதருக்குப் பின்னால் இருளாயி அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் காலைத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்தார். பித்தவெடிப்பு கண்டிருந்த குதிகாலைக் கல்லில் மெல்லத் தேய்த்தார். தோல் மெத்தென்று ஆனதும், ஊக்கால் ஒரு முள்ளை நெம்பி எடுத்தார். பிறகு கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவினார். "நீ நல்லா இருந்தாத்தான் நான் வீடு போய்ச் சேர முடியும்" என்று தன் காலிடமே சொன்னார்.

அவருக்கும் போய்ச் சேர ஒரு வீடு இருந்தது. இருளாயி சத்தமில்லாமல் திரும்பினாள்.

அவள் ஆற்றுக்கு வந்தபோது வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சடையன் முகம் வாடியிருந்தது.

"அந்த நொண்டித் தடம் ஒச்சானோடதுதான். கால்ல முள்ளு. முடியாம மூங்கில் புதர்ல அசந்து தூங்கியிருக்கான். நீ போனப்புறம்தான் வெளியே வந்தான். மூணு நாள் உன் தடத்துக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான். புற்றைக் கிளற முடியல, பசி. அக்கரையில நாவல்பழம் உதிர்ந்து கிடக்குன்னு வெள்ளம் ஏறுறதுக்கு முந்தி நீந்திப் போயிட்டான்."

வெள்ளம் ஏறாத மேட்டு மணலில் தேக்கிலை மூடிய தடம் இன்னும் கரையாமல் இருந்தது. சற்றுத் தள்ளி நொண்டித் தடம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதன் நடுவில் அவளுடைய காலே பதிந்திருந்தது.

"அண்ணே!" என்று அவள் அலறினாள்.

அக்கரையில் ஒரு கறுப்பு உருவம் அசைந்தது. "இருளாயி! வந்துட்டியா?"

தாண்ட முடியாத தண்ணீர். அவளிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. பார்த்து வந்ததைக் கத்திக் கத்திச் சொன்னாள். காலை ஊறவை, தோல் இளகட்டும். நகத்தால் மெதுவா நெம்பு. கழுவு. விரல் இடுக்குல ஈரம் நிக்க விடாதே. ஒச்சான் ஒவ்வொன்றாகச் செய்தான். இருட்டுகிற நேரத்தில் ஒரு பெரிய உறுமல் கேட்டது. முள் வந்துவிட்டது.

அவன் எழுந்து ஈர மணலில் காலை முழுசாக ஊன்றினான்.

"இதுதான் என் தடம். தெரியுதா, இருளாயி?"

வெள்ளத்துக்கு அப்பால் அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"தெரியுது, அண்ணே" என்றாள். தண்ணீர் வடியும்வரை அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

தான் காண ஏங்கிய தடத்தின் பின்னாலேயே ஓடுகிறவர், தன்னைத் தேடி வந்த தடத்தைத் தன் காலாலேயே மிதித்து அழித்துவிடுவார்.