எட்டு வோல்ட் காட்டிய அடாப்டர்

என் குருவுக்கு முப்பத்து நாலு வயசு. எனக்கு அறுபத்தொண்ணு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு வெட்கமில்லை.

பெயர் செண்பகவடிவு. நான் கூப்பிடுவது டீச்சரம்மா. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்கு அடியில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

நான் முப்பத்து மூன்று வருஷம் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன். வந்து விழுகிற உதிரிபாகங்களை அளப்பேன். அளவு தப்பினால் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தூக்கி எறிவேன். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஓய்வு பெற்றதும் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. வீட்டில் காப்பி டம்ளரைக்கூட என்னிடம் கொடுக்க யோசித்தார்கள். சும்மா இருக்க முடியாமல் டீச்சரம்மாவிடம் வந்தேன். முதல் நாளே, மடியில் கிடந்து ஆடிய கையைக் காட்டிக் கேட்டுவிட்டேன்.

"இந்தக் கைக்கு வேலை வருமா, டீச்சரம்மா?"

அவர் கையைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்திருங்க, அண்ணாச்சி."

கேட்டதற்குப் பதில் வரவில்லை. மூன்று மாதம் திருகு கழற்றினேன், தூசி துடைத்தேன், மீட்டர் வைத்து அளந்தேன். ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்னை மட்டும் நான் தொடவில்லை. பயம்தான், வேறென்ன.

ஒரு வியாழக்கிழமை நாகர்கோவிலிலிருந்து தாணுமாலயன் என்று ஒரு பெரியவர் பஸ் பிடித்து வந்தார். பஞ்சாங்கம் கணிக்கிறவர். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்து வைத்தார். பழையது, கையடக்கமானது, பொத்தான் எல்லாம் தேய்ந்து பளபளத்தது.

"இதோட சார்ஜரை வெளியூர் போனப்ப ஒரு லாட்ஜில விட்டுட்டேன் மக்களே. பத்துக் கடை ஏறி இறங்கிட்டேன். எதுவும் சேரல."

"போன்லயே கணக்குப் போடலாமே, ஐயா?" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

"போன் ஒரே கண்ணாடில்லா. விரல் எங்க நிக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? இதுல பொத்தானைத் தொட்டாலே நம்பர் தெரியும். அமுக்கினா உள்ள சிவப்பா எரியும். மத்த கால்குலேட்டர்ல கறுப்பா வருமே, அது எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு இந்தச் சிவப்பு ஒண்ணுதான் இன்னும் எட்டுது."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"தை வரைக்கும் முடிச்சாச்சு. மாசியும் பங்குனியும் பாக்கி. திங்கக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். நாப்பத்தஞ்சு வருசத்துல ஒரு வருசம் விட்டதில்ல."

டீச்சரம்மா கால்குலேட்டரைத் திறந்தார். உள்ளே மூன்று பேட்டரியும் வெள்ளையாகப் பூத்துச் செத்துக் கிடந்தன. முதலில் அவற்றை எடுத்துவிட்டு, இடத்தைச் சுத்தம் செய்து புதுசு மூன்றை ஈயம் வைத்துப் பத்தவைத்தார். என்ன கை அது! கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"பேட்டரி உயிரோட இல்லாம கரண்ட் குடுத்தா உள்ள இருக்க சிப் போயிரும். அந்த சிப் இனி எங்கயும் வாங்க முடியாது" என்றார். பிறகு என்னிடம், "நாலரை வோல்ட்னு போட்டிருக்கு, அண்ணாச்சி. பழைய அடாப்டர் பெட்டியில தேடுங்க."

நாற்பது அடாப்டர் இருக்கும். ஒவ்வொன்றாகச் சொருகி மீட்டர் வைத்தேன். கறுப்பாக ஒன்று, செங்கல் கனம் கனத்தது. லேபிளில் நாலரை. மீட்டரில் எட்டு. இப்படியும் ஒரு பொய்யா என்று எரிச்சல் வந்தது. சட்டைப் பையில் இன்னும் சாக்பீஸ் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்டுக் குப்பைக்கூடையில் எறிந்தேன்.

கடைசியில் புதுசாக ஒன்று அகப்பட்டது. மீட்டரில் நாலரை, துளி கூடவுமில்லை குறையவுமில்லை.

"இந்தாங்க டீச்சரம்மா. அச்சு அசல் நாலரை!"

அவர் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். குனிந்து கூடையிலிருந்து கறுப்பை எடுத்தார்.

"இது என்ன பாவம் செஞ்சுது?"

"எட்டு காட்டுது."

அவர் ஒரு சின்ன டார்ச் பல்பை எடுத்து அடாப்டரின் இரண்டு முனையிலும் சேர்த்துப் பிடித்தார். பல்ப் எரிந்தது.

"இப்ப மீட்டரை வைங்க."

வைத்தேன். நாலு புள்ளி ஆறு.

பல்பை எடுக்கச் சொன்னேன். எட்டு. மறுபடி வைக்கச் சொன்னேன். நாலு புள்ளி ஆறு. மூன்று தடவை பார்த்தும் மனசு ஒப்பவில்லை.

"அந்தக் காலத்து சார்ஜர் இப்படித்தான், அண்ணாச்சி. சும்மா இருந்தா குதிக்கும். வேலை வந்தா இறங்கிரும். இந்தக் கால்குலேட்டரை செஞ்சவங்க அதை நம்பித்தான் செஞ்சிருக்காங்க."

"அப்போ என்னோடது?"

"அது எதுக்கும் இறங்காது. தள்ளிக்கிட்டே இருக்கும். பேட்டரி சூடாகி வீங்கிரும்."

பெரியவர் இரண்டு கையாலும் கால்குலேட்டரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நான் அதைச் சொருகியிருப்பேன்.

"சொருகுற முனை மட்டும் கால்குலேட்டருக்குச் சேராது. வெட்டிட்டு வேற முனை பத்தவைக்கணும்" என்ற டீச்சரம்மா, சூடான சால்டரிங் அயர்னை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நானா?"

அவர் ஒயரை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, கையைப் பாருங்க." மேஜை மேல் வைத்துக் காட்டினேன். வழக்கம்போல ஆடியது. "நாப்பத்தஞ்சு வருசப் பஞ்சாங்கம். விளையாட்டா?"

அவர் ஒயரை என் முன்னால் நீட்டிப் பிடித்தார். ஈயமும் வந்தது. பெரியவர் மங்கிய கண்ணை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

ஈயம் உருகி ஒயரைப் பிடித்தது. முதல் முனை கொஞ்சம் மொத்தையாகத்தான் வந்தது. இரண்டாவது முனையையும் வைத்தேன். வைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், ஈயம் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

டீச்சரம்மா இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. எது கூட்டல் எது கழித்தல் என்று சரிபார்த்துச் சொருகினார்.

சிவப்பாக ஒரு பூஜ்யம் எரிந்தது.

"தெரியுது மக்களே!" என்றார் பெரியவர். முகத்தை ஒரு சாணுக்குக் கொண்டுபோய், பொத்தான்களைத் தடவித் தடவி அமுக்கினார். உதடு அசைந்தது. நின்ற இடத்திலேயே மாசி மாதத்தைத் தொடங்கிவிட்டார்.

அவர் போன பிறகு சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தேன். கை மடிக்கு வந்தது. மறுபடி ஆடத் தொடங்கியது.

"அயர்னைப் பிடிச்சா கை ஆடாதுன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியுமா, டீச்சரம்மா?"

"தெரியாது, அண்ணாச்சி."

"பின்னே, நான் கேட்டப்ப ஏன் பதில் சொல்லலை?"

அவர் அடுத்த ரேடியோவைத் திறந்து, சால்டரிங் அயர்னை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு உங்க கையில ஒண்ணும் இல்லையே."