நரி கொடுத்த இலவச டார்ச்

செல்போன் டவர் நிற்கிற ஒரு காட்டில், சூரைப்புதருக்கு அடியில் ஒரு கௌதாரி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. கூடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகளே. தரையில் ஒரு சிறு குழி, கொஞ்சம் காய்ந்த புல், அவ்வளவுதான். அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. அதுதான் அந்த முட்டைகளுக்கு ஒரே காவல்.

அடைமழைக் காலம். நண்பகலிலேயே காடு இருட்டிக் கிடந்தது. டவருக்குக் கீழே நின்று நரி கூவியது.

“வாங்க, வாங்க! நரி டார்ச்! போன்ல ஏத்திக்கிட்டா பளிச்சுனு வெளிச்சம். காசே வேண்டாம்!”

காசு வேண்டாம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? முயல் வந்தது, காடை வந்தது, கழுத்தில் தொங்கிய போனோடு கௌதாரியும் ஓடி வந்தது.

ஆப்பை ஏற்றியதும் திரையில் ஒரு கட்டம் எழும்பியது. ‘நீங்கள் இருக்கும் இடத்தை எப்போதும் அறிய அனுமதிக்கிறீர்களா?’ கௌதாரி அதைப் படிக்கவில்லை. அந்தக் காட்டில் யாருமே படிப்பதில்லை. கட்டம் வந்தால் ‘அனுமதி’யை அமுக்க வேண்டும், அமுக்கினால் கட்டம் போய்விடும். அவர்கள் கற்றுவைத்திருந்த வித்தை அவ்வளவுதான்.

மரத்தின் மேலிருந்து மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. எதையும் தட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

“நரியண்ணே, ஒரு சந்தேகம். வெளிச்சம் அடிக்கிற டார்ச்சுக்கு நாங்க இருக்கிற இடம் எதுக்கு?”

“இடம் தெரிஞ்சாத்தானே தம்பி, அங்க வெளிச்சம் விழும்!”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

“போன் எங்க கழுத்துலதானே தொங்குது? வெளிச்சம் வேற எங்க போய் விழும்?”

“உன் வாயை மூடுறதுக்கு ஒரு ஆப் கண்டுபிடிச்சா, அதையும் இலவசமாத் தர்றேன்” என்றது நரி.

கூட்டம் சிரித்தது. கௌதாரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

மறுநாள் காலை காடை அழுதுகொண்டே வந்தது. நாணலுக்குள் ஒளித்துவைத்த கூட்டில் ஓடுகள்தான் மிச்சம்.

“அந்த இடம் யாருக்கும் தெரியாதே! என்னையும் என் போனையும் தவிர அங்க யாரும் வந்ததே இல்லையே!”

கௌதாரி மரங்கொத்தியைக் கூட்டிக்கொண்டு தன் கூட்டுக்கு ஓடியது. தன் போனும் முட்டைகளை ஒட்டித்தானே கிடந்தது!

மரங்கொத்தி அந்தப் போனைத் தட்டித் தட்டி செட்டிங்ஸுக்குள் நுழைந்தது. “இங்க பாருங்கக்கா. நரி டார்ச். இருப்பிடம்: எப்போதும் அனுமதி. நீங்க எங்க இருந்தாலும் நரிக்குத் தெரியும்போல.”

“ஐயோ, அழிச்சிடு! இப்பவே அழிச்சிடு!”

“அழிச்சிடலாம். ஆனா இதுதான் காரணமான்னு எப்படித் தெரியும்? பார்த்துடலாமே.”

“என் பிள்ளைங்கள வச்சா சோதிச்சுப் பார்க்குறே?”

“பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும். போனை மட்டும் குடுங்க.”

போன் கயிற்றை அலகில் கவ்விக்கொண்டு மரங்கொத்தி பறந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் முள்ளம்பன்றியின் வளை. பகலெல்லாம் தூங்குகிற ஆசாமி, எழுப்பினால் பொல்லாத கோபம் வரும். வளைக்குள் போனை மெல்ல வைத்துவிட்டு மரங்கொத்தி மரத்தில் போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் நரி வந்தது. தன் போனைப் பார்த்தபடியே சூரைப்புதரை உரசிக்கொண்டு நடந்தது. உள்ளே கௌதாரி மூச்சை அடக்கிக்கொண்டு முட்டைகளின்மேல் படுத்திருந்தது. நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரை காட்டிய வழியில் நேரே போய், சப்புக்கொட்டிக்கொண்டு வளைக்குள் மூக்கை விட்டது.

“யாருடா அது, தூங்குற நேரத்துல?”

அடுத்துக் கேட்டது நரியின் ஊளைதான். முகமெல்லாம் முள்ளோடு அது வெளியே வந்து விழுந்தது.

“என்ன நரியண்ணே,” என்று மேலிருந்து கேட்டது மரங்கொத்தி, “இடம் தெரிஞ்சும் வெளிச்சம் விழலையா?”

நரி எடுத்த ஓட்டம் காட்டைத் தாண்டித்தான் நின்றது.

எல்லோரும் தங்கள் போனிலிருந்து நரி டார்ச்சை நீக்கினார்கள். கௌதாரி தயங்கித் தயங்கிக் கேட்டது. “தம்பி, நேத்து உன்னைப் பார்த்துச் சிரிச்சேன், மனசுல வச்சுக்காதே. ஆனா இனிமே வெளிச்சத்துக்கு என்ன பண்றது?”

மரங்கொத்தி திரையை மேலிருந்து கீழே இழுத்தது. அங்கே சின்னதாக ஒரு டார்ச் படம். தட்டியதும் புதரெல்லாம் பளிச்சென்றது.

“இது உங்க போன்லயே முதல்ல இருந்து இருக்குதக்கா.”

அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் காடை மறுபடியும் அழுதது.

சில நாட்களில் கௌதாரியின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் பேச ஆரம்பித்ததுமே, “இது எதுக்கும்மா? அது எதுக்கும்மா?” என்று அம்மாவைத் துளைத்தெடுத்தன. கௌதாரி ஒரு கேள்வியைக்கூடச் சிரித்து ஒதுக்கவில்லை.

நீதி: கேட்டவுடன் அனுமதி கொடுத்துவிடாதே. ‘இந்த வேலைக்கு இது எதற்கு?’ என்று முதலில் கேள்.