ஆறாவது கம்பி

லெஸ்லி ரயில்வே பணிமனையில் சார்ஜ்மேன். நாற்பத்தாறு வயதில் கிடாரை மறுபடி முதல் பாடத்திலிருந்து கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த ஹெப்சிபா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் லெஸ்லிக்கு அவர் மிஸ்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை லெஸ்லி கிடாரைத் தொடவில்லை. கேள்வியோடு வந்திருந்தார்.

பெரம்பூரில் தொடங்கிய 'பாய்லர் ஷெட்' என்ற த்ராஷ் மெட்டல் ராக் இசைக்குழுவுக்கு இது இருபத்தைந்தாம் ஆண்டு. சனிக்கிழமை கச்சேரி. குழுவின் முதல் கிடார்காரர் லெஸ்லி. இருந்தது ஐந்தே மாதம். வேலை கிடைத்து கரக்பூர் போனவர் திரும்பி வருவதற்குள் குழு ஊரறிந்த குழுவாகிவிட்டது. அவர் வாசித்த ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை. இப்போது ஒரு பாட்டுக்கு மேடையேறக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இப்போதைய கிடார்காரன் போன் செய்து பாடம் எடுத்திருக்கிறான். அங்கிள், எங்க சுருதி கொஞ்சம் கோணல், சுருதி பாக்குற ட்யூனர்ல வராது, உங்களுக்குப் பிடிபடாது, சும்மா நின்னு கையை ஆட்டினாலே போதும் என்றானாம். ஏன் கோணல் என்று கேட்டால், இங்கே அப்படித்தான், எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னது என்றானாம்.

"அஞ்சு மாசம் இருந்தவன் அந்த மேடையில என்னன்னு சொல்லி ஏறுறது மிஸ்?"

"அப்ப வாசிச்ச கிடார் இருக்கா?"

"பீரோ மேல கெடக்கு. ஆறாவது கம்பியை முறுக்குற கீ தேஞ்சது. வாங்கினப்பவே அப்படித்தான்."

"நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் மிஸ் அதற்குப் புதுக் கம்பி மாட்டினார். ஆறாவது கம்பியை ட்யூனர் காட்டும் அளவுக்கு முறுக்கச் சொன்னார். லெஸ்லி முறுக்கினார். கீ கிர்ரென்று நழுவி ஓரிடத்தில் நின்றது. மறுபடி முறுக்கினார். மறுபடியும் நழுவி அங்கேயே நின்றது.

"குழுவுல இருந்தப்ப என்ன பண்ணீங்க?"

மற்ற ஐந்து கம்பிகளையும் அதற்கு ஏற்றபடி இறக்கிக்கொண்டாராம். உன் ஓட்டை வண்டிக்காக நாங்களும் இறங்கணுமாடா என்று திட்டிக்கொண்டே குழுவில் இருந்த மற்ற இரு கிடார்காரர்களும் தங்கள் கிடார்களை இறக்கினார்களாம்.

மிஸ் போனை எடுத்தார். குழு போன மாதம் வெளியிட்ட பாட்டைப் போட்டார்.

"கூடவே அடிங்க."

லெஸ்லி உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி அடித்தார். பாட்டும் கம்பியும் ஒரே குரலில் ஒலித்தன. அவர் கை நின்றுவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு அப்புறம் எத்தனை பேர் வந்தாங்க?"

"நாலு பேர்."

"நாலு பேர் கிடார்லயும் கீ தேஞ்சிருந்துச்சா?"

லெஸ்லி தேய்ந்த கீயைத் தொட்டுப் பார்த்தார்.

மிஸ் கிடாரை உறையில் போட்டு அவரிடம் நீட்டினார்.

"சனிக்கிழமை இதையே எடுத்துட்டுப் போங்க. போன் பண்ண அந்தத் தம்பியை இதுக்குச் சுருதி சேர்த்துக்கச் சொல்லுங்க."